முதலில் கட்டிலருகே, பின்னர் மேசையருகே

மருத்துவத்தின் கூறுகளைத் திருவள்ளுவர் நான்காகப் பகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து அளிப்பவன் என்பன அவை. 'மருந்து' அதிகாரத்தின் நிறைவுக் குறளில் அமைந்த இப்பகுப்பில், நான்காமவரைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'உழைச்செல்வான்' என்பதாகும். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தே செல்பவரே செவிலியர் என்னும் பொருள் அச்சொல்லிலேயே பொதிந்து கிடக்கிறது. நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு ஆகிய நான்கும் அவர்க்கு இருத்தல் வேண்டும் என்று பரிமேலழகர் விரித்துரைப்பார்.

இவ்விலக்கணம் பொருந்தப் பல நூற்றாண்டுகள் நடந்துவந்த செவிலியம், இன்று ஒரு புதிய வினாவின் முன் நிற்கிறது. நோயாளியின் பக்கத்தே செல்லாமலேயே செவிலியர் பணிபுரியலாம் என்னும் நிலை வந்துவிட்டது. நான்காண்டுப் பட்டமோ மூன்றாண்டுப் பட்டயமோ முடித்து, செவிலியர் குழுமத்தில் பதிவு செய்துகொண்டு வெளிவரும் நம் பெண்மக்கள், வார்டுக்குச் செல்வதா, 'கேஸ் மேனேஜ்மென்ட்' எனப்படும் நோயாளர் நலன் ஒருங்கிணைப்புப் பணிக்கு நேரே செல்வதா என்று வினவுகின்றனர். பெற்றோரும் வினவுகின்றனர். பிழைப்பைப் பற்றிய வினாவாக மட்டும் இதனைக் கருதிவிடலாகாது. நாளை நம் வீட்டு முதியோர் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது அவர்க்காக முடிவெடுப்பவர் எத்தகையவராக இருப்பார் என்பதும் இதனுள் அடங்கியுள்ளது. ஆதலின் இது குறித்து நம் கருத்தை ஈண்டு முன்வைக்கின்றோம்.

பணியின் தோற்றமும் தன்மையும்

இப்பணி அமெரிக்காவில் உருப்பெற்றது. அதன் வேரைத் தேடுவோர் லில்லியன் வால்ட் என்னும் செவிலியரிடம் சென்று சேர்வர். 1893இல் நியூயார்க் நகரில் அவர் தொடங்கிய ஹென்றி தெரு இல்லம், குடியேறிய ஏழை மக்களின் நெருக்கமான குடியிருப்புகளுக்குச் செவிலியரை அனுப்பியது. அவர்கள் நோய்க்கு மருந்திட்டதோடு நில்லாமல், அந்நோயைச் சூழ்ந்திருந்த உணவின்மை, வேலையின்மை, சுகாதாரக் கேடு ஆகியவற்றையும் கவனித்து, உதவக்கூடிய அமைப்புகளோடு குடும்பத்தை இணைத்தனர்.

இன்றைய வடிவத்தை அப்பணிக்குத் தந்தது பணக்கணக்கே. அமெரிக்க முதியோர் காப்பீடான 'மெடிகேர்' திட்டம், 1983இல் தன் பணம் செலுத்தும் முறையை மாற்றியது. மருத்துவமனை செலவழித்த தொகையைக் கொடுத்துவந்த முறை கைவிடப்பட்டது. இன்ன நோய்க்கு இன்ன தொகை என்று முன்னரே வரையறுக்கும் முறை வந்தது. ஐந்து நாளில் வீடு திரும்ப வேண்டியவர் பத்து நாள் தங்கினால் இழப்பு மருத்துவமனைக்கு. ஆகவே நோயாளி சேர்ந்த நாள் முதலாக அவர் வெளியேறும் வழியைத் திட்டமிடும் ஒருவர் தேவைப்பட்டார். 1985ஆம் ஆண்டளவில் பாஸ்டன் நகரின் நியூ இங்கிலாந்து மருத்துவ மையம் இப்பொறுப்பைச் செவிலியரிடம் ஒப்படைத்து ஒரு முறையை வகுத்தது. 1990இல் இப்பணியாளர்க்கென அமெரிக்காவில் தனிச் சங்கம் தோன்றியது. 2012 அக்டோபர் முதல், வெளியேறிய நோயாளிகள் முப்பது நாளுக்குள் அளவுக்கு மிஞ்சித் திரும்பி வந்து சேரும் மருத்துவமனைகளுக்கு மெடிகேர் தொகையைக் குறைக்கலாயிற்று. விரைந்து அனுப்பவும் வேண்டும், அனுப்பியவர் திரும்பி வாராமல் இருக்கவும் வேண்டும் என்னும் இரு முனைகளுக்கு நடுவே ஒருங்கிணைப்புச் செவிலியர் நிற்கிறார்.

அவர் செய்வன யாவை? சேர்க்கை தேவையானதே என்று காப்பீட்டாருக்கு விளக்குதல், மருத்துவர், உடலியக்கப் பயிற்சியாளர், மருந்தாளுநர், குடும்பத்தார் ஆகியோரை ஒரு திட்டத்தின்கீழ் இணைத்தல், வீட்டுக்கு வேண்டிய கட்டிலும் உயிர்வளிக் கருவியும் ஏற்பாடு செய்தல், வெளியேறியபின் தொலைபேசியில் தொடர்ந்து நலம் வினவுதல் முதலியன. கையில் ஊசி இல்லை. ஆயினும் அவர் சொல்லும் ஒரு சொல்லால் ஒருவரின் மருத்துவ வாழ்வே மாறும்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் இப்பணி அமெரிக்காவிற்போல் முழுமையாக வளரவில்லை. துண்டு துண்டாக வளர்ந்திருக்கிறது. 2001இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகளின்படி 'டி.பி.ஏ.' எனப்படும் மூன்றாம் தரப்பு நிர்வாகிகள் தோன்றினர். தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018இல் நடுவணரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்தது. ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் காப்பீட்டுப் பிரிவு ஒன்று அமைந்தது. பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கையை ஒரு மணி நேரத்துக்குள்ளும், வெளியேறும் நேரத்து இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனங்கள் முடித்தல் வேண்டும் என 2024இல் ஆணையம் அறிவித்தது. கடிகாரத்தோடு போட்டியிட்டு நோயாளியின் தாள்களைப் படித்து முடிவு சொல்ல ஆள் வேண்டும். மருத்துவச் சொற்களை அறிந்த செவிலியப் பட்டதாரிகளுக்கு அங்கே இடம் கிடைக்கிறது. அயல்நாட்டு மருத்துவமனைகளின் கோப்புகளைப் பார்க்கும் அலுவலகங்களும் சென்னை முதலிய நகரங்களில் அவர்களை எடுத்துக்கொள்கின்றன.

பிறிதொரு கிளையும் உண்டு. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையோர்க்கு மருந்தையும், படுத்த படுக்கையானோர்க்கு வலிதணிப்புப் பராமரிப்பையும் இல்லந்தோறும் கொண்டு செல்கிறது. பெயர் வேறாயினும், நோயாளியை அவர் வாழுமிடத்தில் வைத்துப் பார்க்கும் நோக்கம் அதில் உண்டு. காப்பீட்டு மேசையில் அமர்வோரைவிட இத்திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் செவிலியரே லில்லியன் வால்ட் மரபுக்கு நெருங்கியவர் என்பது நம் எண்ணம்.

மேசைப்பணியை விரும்புவோர் கூறுவன

நேரே மேசைக்குச் செல்ல விரும்புவோரை உழைப்புக்கு அஞ்சுவோர் என்று ஏசுவது நேர்மையாகாது. அவர்கள் கூறும் காரணங்கள் கனமானவை.

முதலாவது ஊதியம். தனியார் மருத்துவமனைகளில் செவிலியர் ஊதியம் குறைவு என்பது ஊரறிந்த செய்தி. உச்சநீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து அமைக்கப்பெற்ற வல்லுநர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்டவற்றில் மாநில அரசுச் செவிலியர்க்கு இணையாக வழங்கப்பட வேண்டும் என்றும் 2016இல் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் இருக்க, கல்விக் கடனோடு வெளிவரும் பெண், கூடுதல் ஊதியம் தரும் மேசையை நாடுவதில் வியப்பில்லை.

இரண்டாவது இரவுப்பணியும் பாதுகாப்பும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர்க்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. உச்சநீதிமன்றமே தேசியப் பணிக்குழு ஒன்றை அமைக்க நேர்ந்தது. மகளை இரவில் அனுப்பிவிட்டு விடியும்வரை விழித்திருக்கும் தாயிடம் 'அஞ்சற்க' என்று வாயளவில் சொல்வது எளிது.

மூன்றாவது நம் சமுதாயத்துக்கே உரிய தயக்கம். அயலாடவர்க்குப் பணிவிடை செய்தல், அதனால் வரன் அமைவதில் தடை, ஹிஜாபைப் பேணுவதில் இடர் எனப் பலவாறு கூறுவர். செவிலியம் படிக்க வைத்த பெற்றோரே வார்டுக்கு அனுப்பத் தயங்குவதையும் காண்கிறோம். அவர்கட்கு மேசைப்பணி ஒரு நடுவழியாகத் தோன்றுகிறது.

கட்டிலருகே கற்பவை

இவையனைத்தையும் எண்ணிப் பார்த்த பின்னரும், புதிய செவிலியர் முதல் இரண்டாண்டுகளேனும் நோயாளியின் கட்டிலருகே பணியாற்றிவிட்டே ஒருங்கிணைப்புப் பணிக்குச் செல்லுதல் நன்று என்பதே நம் துணிபு. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம்.

சிற்றூரைச் சேர்ந்த அறுபது வயது அம்மையார் ஒருவர் நீரிழிவினால் காலில் புண் கண்டு மருத்துவமனையில் சேர்ந்தார் எனக் கொள்வோம். புண் தூய்மை செய்யப்பட்டது. சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்தது. 'டிஸ்சார்ஜ் சம்மரி'யில், நோயாளி நடமாடுகிறார், இன்சுலின் இருவேளை, புண்ணுக்கு நாள்தோறும் கட்டு, ஒரு வாரத்தில் மறுபார்வை என்று நான்கு வரிகள் எழுதப்படுகின்றன. தாளை மட்டும் படிப்பவர்க்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். ஒப்புதல் அளித்து அடுத்த கோப்பை எடுப்பார்.

வார்டில் பணியாற்றியவர் அதே வரிகளைப் படிக்கையில் வேறு பல வினாக்கள் எழும். நடமாடுகிறார் என்றால் எப்படி? சுவரைப் பற்றிக்கொண்டு மூன்றடி நடப்பவரையும் அச்சொல்லால்தான் எழுதுகிறோம். கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறதா, கொல்லைப்புறத்தில் இருக்கிறதா? இன்சுலினை ஏற்றுபவர் யார்? அம்மையார்க்குக் கண் தெளிவாகத் தெரிகிறதா, ஊசியின் கோடுகளை எண்ண முடியுமா? வீட்டில் குளிர்பெட்டி இல்லையெனில், நீரில் குளிர்ந்த மண்பானைக்குள் குப்பியை ஈரம் படாமல் வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தோமா? கட்டு மாற்றும் மருமகளுக்கு, கட்டு மாற்றிய கையோடு கைக்குழந்தையைத் தூக்கலாகாது எனத் தெரியுமா? வெறுங்காலோடு நடந்து பழகியவர் இனிச் செருப்பணிய இசைவாரா?

இவற்றோடு இன்னொன்று. அடுத்த மாதம் ரமலான் பிறக்குமாயின் அவர் நோன்பு நோற்க விரும்புவார். 'நோன்பு வைப்பீர்களா, அம்மா?' என்று கேட்காவிட்டால் அவராகச் சொல்லமாட்டார். மருத்துவர் தடுத்துவிடுவார் என்ற அச்சம். பகலெல்லாம் உண்ணாமலிருந்து வழக்கமான அளவில் இன்சுலினை ஏற்றிக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பதைத் திருக்குர்ஆனே கூறுகிறது. அதனை அன்போடு நினைவூட்டவும், நோற்பதில் உறுதியாக இருப்பாராயின் முன்கூட்டியே மருத்துவரிடம் அழைத்துச் சென்று அளவை மாற்றவும் ஒருவர் வேண்டும். இவ்வினாக்களில் பலவற்றுக்குப் பாடநூலில் விடை உண்டு. எந்த வினாவை எவரிடம் எப்போது கேட்பது என்பதோ, நள்ளிரவில் உறக்கம் வாராத நோயாளி மனம்விட்டுப் பேசும்போது அருகிருந்தவர்க்கே வாய்ப்பது.

அமெரிக்கச் செவிலிய அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூலில், செவிலியரின் வளர்ச்சியைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளாகக் காட்டினார். ஒத்த சூழலில் இரண்டு மூன்று ஆண்டுகள் பணியாற்றியவரையே மூன்றாம் படியாகிய தகுதியுடையோர் நிலையில் அவர் வைக்கிறார். புதியவர் விதியைப் பார்த்துச் செயற்படுவார்; பழகியவர் நோயாளியைப் பார்த்து விதியைப் பொருத்துவார். அளவுகள் ஒழுங்காயிருக்க, மூச்சின் வேகம் சிறிது மிகுவதையும் முகம் வெளிறுவதையும் கண்டு, 'இவரை இன்று அனுப்ப வேண்டாம்' என்று சொல்லும் திறன் பழக்கத்தால் வருவது.

மருத்துவரிடம் வாதாடும் உரிமையும் அப்பழக்கத்தாலேயே கிடைக்கும். ஒருங்கிணைப்புச் செவிலியர் நாள்தோறும் மூத்த மருத்துவரோடும் காப்பீட்டு அலுவலரோடும் உரையாட வேண்டியவர். வார்டைக் காணாதவர் சொல்லை அவர்கள் எளிதில் ஏற்பதில்லை. அவர்தாமும் தம் சொல்லில் உறுதியின்றி, மேலிடம் கூறுவதற்குத் தலையசைக்கும் நிலைக்கு வந்துவிடுவார். நோயாளியின் வழக்கறிஞராக அமர்த்தப்பட்டவர் நிறுவனத்தின் கணக்கராக மாறுவது இவ்வாறே. இது தனிமனிதர் குற்றமன்று. ஆயத்தம் இல்லாமல் அமர்த்தியதன் விளைவு.

இப்பணியின் தாயகமே இதனை உணர்ந்திருக்கிறது. அமெரிக்கச் செவிலியர் சான்றளிப்பு மையம், ஒருங்கிணைப்புப் பணியில் சான்றிதழ் கோருவோர் பதிவுபெற்ற செவிலியராக ஈராண்டுக்கு ஈடான முழுநேரப் பணியும், இத்துறையில் 2,000 மணி நேரப் பட்டறிவும் பெற்றிருக்க வேண்டும் என்று வகுத்துள்ளது. வளைகுடா நாடுகளுக்குச் செல்ல எண்ணும் நம்மவரும் இதனைக் கருத வேண்டும். அங்கே பணி உரிமம் கோருவோரிடம் பொதுவாகக் கேட்கப்படுவது மருத்துவமனை அனுபவமே. மேசையில் கழித்த ஆண்டுகள் அதற்கு ஈடாக எண்ணப்படுவது அரிது. இன்று எளிதாகத் தோன்றும் வாயில் நாளை பிற வாயில்களை அடைத்துவிடக் கூடும்.

லில்லியன் வால்டும் பயிற்சி முடித்த இரண்டாண்டிலேயே புதுப்பணி தொடங்கினாரே என்று சிலர் வினவலாம். உண்மையே. 1891இல் பயிற்சி முடித்தவர் 1893இல் ஏழையர் குடியிருப்புக்குச் சென்றார். ஆயினும் அவர் சென்று அமர்ந்த இடம் நோயாளியின் படுக்கையருகே என்பதை நாம் மறத்தலாகாது.

நம் மரபு காட்டும் வழி

அயலாரிடமிருந்து இன்று நாம் கற்கும் இப்பணியின் சாயல் நம் மரபிலும் உண்டு. கி.பி. 627இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் காயமுற்றபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் சேர்ப்பித்தார்கள். காயமுற்றோர்க்கு மருந்திட்ட அப்பெண்மணி, ஆதரவற்ற எளியோரின் தேவைகளைக் கவனிப்பதையும் தம் பொறுப்பாக ஏற்றிருந்தார் என்று வரலாறு கூறுகிறது. நபிகளார் காலையும் மாலையும் அவ்வழியே செல்கையில் காயமுற்றவரின் நலம் வினவினார்கள். மருந்திடுதல், தேவை அறிந்து உதவுதல், தொடர்ந்து நலம் வினவுதல் ஆகிய மூன்றும் அக்கூடாரத்தில் ஒன்றாயிருந்தன.

1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனை, வக்ஃபு வருவாயால் நடந்தது. நலமுற்று வெளியேறும் ஏழைக்கு உடையும், உடனே உழைக்கப் போகாமல் சில நாள் ஓய்ந்திருக்கப் பொருளும் அங்கே வழங்கப்பட்டன என வரலாற்றாசிரியர் எழுதுவர். வெளியேற்றத் திட்டம் என்று இன்று பெயரிட்டு அழைப்பதன் உயிர்க்கூறு அதுவே.

ருஃபைதா (ரலி) அவர்களைப் போற்றி மேடைகளில் பேசும் நாம், அவர் செய்த பணிக்கு நம் மகள் செல்வதைக் குறைவாக எண்ணுவது எவ்வகையில் பொருந்தும்? வரன் பேச வருவோர் 'பெண் வார்டு வேலையா?' என்று முகம் சுளிப்பது ஒழிதல் வேண்டும். தம் தாய்க்கு நோய் வந்தால் பெண் செவிலியரைத் தேடுவோர், பிறர் மகளே அச்செவிலியராக இருத்தல் வேண்டும் என்று எண்ணுவது அறமாகாது.

சமுதாயத்தின் கடமை

இளம்பெண்ணிடம் மட்டும் ஈகத்தைக் கேட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளுதல் கூடாது. வல்லுநர் குழு பரிந்துரைத்த ஊதியத்தையேனும் வழங்க, சமுதாய அறக்கட்டளைகள் நடத்தும் மருத்துவமனைகள் முன்வர வேண்டும். இரவுப்பணிக்கு வண்டி வசதி, பூட்டுள்ள ஓய்வறை, தொழுகைக்கு இடம், ஹிஜாபோடு பொருந்தும் சீருடை ஆகியன பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. ஜமாஅத்துகளும் பைத்துல்மால் அமைப்புகளும் செவிலிய மாணவியரின் கல்விக் கடனைத் தணிக்க உதவினால், ஊதியக் கணக்கால் மேசைக்கு ஓடும் நிலை குறையும். மேலும், முதலாண்டு முழுநேர வார்டு, இரண்டாம் ஆண்டு வாரத்தில் ஒருநாள் ஒருங்கிணைப்புப் பிரிவு என்று அமைத்தால் இரு திறனும் ஒருங்கே வளரும்.

விதிவிலக்கும் உண்டு. முதுகுவலியாலோ உடற்குறையாலோ நோயாளியைத் தூக்க இயலாதவர், இரவில் விட்டுப் பிரியலாகாத குழந்தையையோ பெற்றோரையோ உடையவர் மேசைப்பணியையே ஏற்கலாம், அது குறைவன்று. அத்தகையோர் வாரம் ஓரிரு மணி நேரமேனும் தாம் தாளில் கண்ட நோயாளிகளை நேரில் காண இசைவு கேட்டுப் பெறுதல் நலம். வலிதணிப்புப் பராமரிப்புக் குழுக்களோடு பகலில் இல்லங்களுக்குச் செல்வதும் கைகூடுமாயின் நன்று.

நிறைவாக

ஒருங்கிணைப்புப் பணி உயர்ந்த பணி. முதியோர் பெருகி, நாட்பட்ட நோய்கள் மலிந்து, காப்பீட்டுத் தாள்களின் நடுவே எளியோர் திகைத்து நிற்கும் இக்காலத்தில் அது இன்றியமையாததும் ஆகும். உயர்ந்ததாகையால்தான் அதற்கு ஆயத்தம் வேண்டும் என்கிறோம். புதிய செவிலியரே, ஈராண்டு கட்டிலருகே நில்லுங்கள். ஒவ்வொரு நோயாளியும் வெளியேறும் நாளில், இவர் வீட்டில் இன்றிரவு என்ன நிகழும் என்று எண்ணிப் பாருங்கள். இயன்றால் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அவ்வேடு நிறைந்தபின் மேசைக்குச் செல்லுங்கள். அங்கே உங்கள் முன் வரும் ஒவ்வொரு தாளிலும் ஒரு முகத்தைக் காண்பீர்கள். அம்முகத்துக்காகப் பேசும் துணிவையும் வல்ல இறைவன் உங்கட்கு அருள்வானாக.